வால் குழாய்கள்

ஜனவரி 18

ஊரிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, முதல் செய்தியே இதுதான்: ஆய்விதழுக்காக எங்கள் கட்டுரையை மதிப்பிட்ட மூன்று பேரில் ஒருவர் என்னை நம்பவில்லை.

என் வழிகாட்டி தனகோடி சார் தன் அறையில் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். முதல் இருவரும் பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவர், பெயர் தெரியாத அந்தப் புண்ணியவான், இந்த வேலையில் பங்கில்லாத இன்னொருவர் அதே ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்து, வரும் எண்ணைக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்கிறார். சார் சிரித்தார். “பொறாமைம்மா. நம்ம மாதிரி இடத்துலருந்து தொண்ணூத்தேழு வந்தா எவனுக்குப் பிடிக்கும்? பிரின்சியைச் செய்யச் சொல்லு. ஒரு வாரத்து வேலை.”

பிரின்சி மோத்தா முதல் வருடம். தூத்துக்குடிக்காரி. சேர்ந்த நாளிலிருந்து ‘ஏக்கா, ஏக்கா’ என்று என் பின்னாலேயே சுற்றுகிறாள். கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் மேசையைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பொடி அள்ளும் ஸ்பாச்சுலா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், நடுவில் பாதி தின்ற முறுக்கு.

இந்தக் கட்டுரை வந்தால்தான் நான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஆறாவது வருடம் நடக்கிறது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் டாக்டராகிப் போய்விட்டார்கள். அவர்கள் கல்யாணப் பத்திரிகைகளில் அந்தப் பட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்து முடிந்துவிட்டது.

ஜனவரி 20

பிரின்சியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். வினையூக்கி, செய்முறை, எந்தக் குடுவை, எந்தக் குளிர்நிலை, எல்லாம்.

பொங்கலன்று அண்ணி கேட்டது ஞாபகம் வந்தது. அண்ணி சங்கரன்கோவிலில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். “ஆறு வருசமா அப்படி என்னத்தத்தான் காய்ச்சுதே, ஆவுடை?” என்றாள். அவள் மடியில் கிடந்த ரவிக்கைக் கைகளையே எடுத்துக் காட்டினேன். ஒரே துணி, ஒரே அளவு. இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தால்? “இழுத்துப் பிடிக்கும், கையத் தூக்க முடியாது,” என்றாள். மருந்தும் அப்படித்தான். அதே அணுக்கள், அதே இணைப்பு, ஆனால் ஒன்று இடக்கை, ஒன்று வலக்கை. நாங்கள் செய்வது வலிப்பு மருந்து ஒன்றுக்குப் பாதி வழியில் வரும் பொருள். வலக்கைதான் உடம்பில் பொருந்தும். இடக்கை பொருந்தாது, சமயத்தில் கெடுதலும் செய்யும். சும்மா காய்ச்சினால் இரண்டும் பாதிக்குப் பாதி வந்து நிற்கும். என் வினையூக்கி செய்வதெல்லாம், வினை நடக்கிற இடத்தில் ஒரு பக்கத்தை மறித்துக்கொண்டு நிற்பது. உலோகம் எதுவும் கிடையாது. புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலத்தின் வளையத்தில் ஒரு கிளையை ஒட்டவைத்தேன். கிளை சிறிதானால் மறிக்காது. பெரிதானால் யாரையுமே உள்ளே விடாது, வினையே நடக்காது. ஐந்து வடிவங்கள் மண்ணைக் கவ்வின. ஆறாவது நின்றது. நூறு மூலக்கூறுகளில் தொண்ணூற்றேழு வலக்கை. இரண்டு கையையும் தனித்தனிக் கோடாக அளந்து காட்டும் மெஷினில் அந்த எண் வந்த அன்று கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணி, “அப்ப மிச்சம் மூணு?” என்றாள். தையல்காரிக்குத் துண்டுத் துணி மேல்தான் கண்.

ஜனவரி 27

பிரின்சிக்கு எண்பத்தெட்டு.

ஏதோ குளறுபடி செய்திருக்கிறாள். நிறுப்பதற்கு முன் தராசைப் பூஜ்யத்தில் வைத்தாளா என்று கேட்டேன். “வச்சேம்லாக்கா” என்றாள். குடுவையை அடுப்பில் உலர்த்தினாளா? உலர்த்தினாளாம். குளிர்நிலை? அதையும் குறித்து வைத்திருக்கிறாள்.

அவள் சிலிக்கா குழல் ஓட்டிய லட்சணத்தைப் பார்த்தேன். வினை முடிந்ததும் கலவையை அப்படியே அளக்க முடியாது. கண்ணாடிக் குழலில் சிலிக்காப் பொடியை நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால் நம் பொருள் தனியாக இறங்கி வரும். வரிசையாகச் சோதனைக் குழாய்களில் பிடிக்க வேண்டும். முதலில் வருபவை பளிச்சென்று சுத்தமாக இருக்கும். வால் பக்கம் வருபவற்றில் மங்கலாக வேறு ஏதோ கலந்து தெரியும். நான் வாலைத் தொடமாட்டேன், கழிவு கேனில் ஊற்றிவிடுவேன். இது சார் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம்: “சந்தேகமா? கழிவுக்கு.” இவளோ எல்லாக் குழாய்களையும் வழித்துச் சேர்த்திருக்கிறாள். விளைச்சல் எண்பத்தொன்பது சதவீதம் என்று பெருமை வேறு. எனக்கு அறுபத்திரண்டைத் தாண்டாது. அழுக்கையும் சேர்த்து நிறுத்தால் யாருக்குத்தான் கூடாது?

ஜனவரி 31

மறுபடி எண்பத்தேழு. சார் அவளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். கதவு சாத்தியிருந்தும் எங்களுக்கெல்லாம் கேட்டது. “என்ன கை இது? சமையல் கட்டுலகூட உனக்கு வேலை குடுக்க மாட்டாங்க!”

பாவம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் என் மேசைக்கு வந்து, “ஏக்கா, அழுக்கு இருந்தா மெஷின்ல தனிக் கோடாத்தானே விழும்? எனக்கு அழுக்குக் கோடு விழலை. இடக்கைக் கோடுதான் பெருசா விழுது. அது எங்கருந்து வருது?” என்று கேட்டாள். இவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்! தலைக்கு மேல் வேலை இருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.

கேள்வி சரியான கேள்விதான்.

பிப்ரவரி 3

பிரின்சி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் என் கண் முன்னால் செய்ய வைத்தேன். நிறுத்தது, கரைத்தது, குளிர வைத்தது, எதிலும் குறை சொல்ல முடியவில்லை. குழல் ஓட்டுகிற நேரத்தில் ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக் கூட்டம் என்று நான் போக வேண்டியதாகிவிட்டது. சாம்பாரில் பருப்பே இல்லை என்று ஒரு மணி நேரம் சண்டை. திரும்பி வந்தபோது அவள் எண்பத்தேழோடு உட்கார்ந்திருந்தாள்.

கமிட்டிக்கு நான் போயே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போனேன்.

பிப்ரவரி 5

நானே செய்தேன். தொண்ணூற்றேழு! சார் எல்லோர் முன்னாலும், “கை, கைதான்மா” என்றார். அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்வானேன், பிரின்சியின் முகத்தில் ஈயாடாததைப் பார்த்துக் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

பிறகு சார் சொன்னது குளிர்ச்சியாக இல்லை. மார்ச் முதல் வாரம் அவளுக்கு முதல் வருட ஆய்வுக் குழு கூடுகிறது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரும் வருவார். அதில், செய்முறைத் திறமை போதாது, பதிவை ரத்து செய்யலாம் என்று சொல்லப் போகிறாராம். “செய்யத் தெரிஞ்ச வினையவே செய்யத் தெரியல. வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” பிரின்சிக்கு இன்னும் தெரியாது. அவள் வீட்டில் முதன்முதலாக எம்.எஸ்ஸி. தாண்டி வந்தவள் அவள்தான் என்று ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 7

அவளுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவள் வாலைச் சேர்க்கிறாள். நான் விடுகிறேன்.

அதனால் என்ன? சாதாரண சிலிக்காவுக்கு இடது வலது தெரியாது. தெரியாத பொடி எப்படிக் கையைப் பிரிக்கும்? எந்தப் பாடப் புத்தகத்தைப் புரட்டினாலும் பிரிக்காது என்றுதான் இருக்கும். எப்போதோ ஒரு கருத்தரங்கில், ஏற்கெனவே ஒரு கை மிகுதியாக இருந்தால் சில பொருட்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்டு முன்னும் பின்னுமாக இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த பேச்சு. பாதி தூக்கம்.

பரவாயில்லை. அஞ்சாம் தேதிப் பரிசோதனையின் வால் குழாய்கள் இன்னும் ஸ்டாண்டில் நிற்கின்றன. கழிவு கேன் நிரம்பியிருந்ததால் ஊற்றவில்லை. திங்கட்கிழமை காலையில் மெஷின் என் பெயரில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9

இன்று எழுத ஒன்றுமில்லை. மெஷின் அறையில் ஏ.சி. ஓடவில்லை. வால் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தேன். கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது என்று காலையில் ஓட்டிய ஒன்றிரண்டு கோப்புகளை அழித்தேன்.

ராத்திரி மெஸ்ஸில் புளியோதரை. இறங்கவில்லை.

பிப்ரவரி 11

சுத்தமாக இருப்பது ஒரு குற்றமா? என் குடுவையில் இருந்ததைத்தான் நான் அளந்தேன். மெஷின் சொன்னதைத்தான் எழுதினேன். ஒரு எண்ணையாவது நான் மாற்றியிருந்தால் என் கையில் ஆசிட்டை ஊற்றுங்கள். உலகத்தில் பாதி ஆய்வகங்களில் இப்படித்தான் குழல் ஓட்டுகிறார்கள். அவர்கள் எல்லோரும் திருடர்களா?

யாரும் என்னைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வார்டனிடம் இரண்டாம் முறை சொல்லியாயிற்று.

பிப்ரவரி 13

சார் கூப்பிட்டார். பிரின்சியின் வேலையைப் பற்றி சீனியர் என்ற முறையில் ஒரு பத்தி எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ஆய்வுக் குழு முன்னால் வைக்க. “உள்ளத எழுதும்மா. நீ நின்னு காமிச்சும் வரலைல்ல?” நாளைக்குத் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

வந்தால், குடுவை கழுவும் இடத்தில் பிரின்சி நிற்கிறாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, கையில் குடுவை இல்லை. யாரோ அவளிடம் ரத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். தோள் குலுங்கக் குலுங்க அழுகிறாள், சத்தமே இல்லை. நான் பின்னால் நின்றேன். போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். குழாயை மூடிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14

நல்ல வழி ஒன்று தோன்றிவிட்டது. காலையில் எழுந்ததும் தோன்றியது. யாருக்கும் நஷ்டமில்லை.

பிரின்சியை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். “ஏட்டி, நீ வாலைச் சேக்காத. முன்னால பளிச்சுன்னு வருது பாத்தியா, அதை மட்டும் எடு. மங்கலா ஏதாச்சும் தெரிஞ்சா விட்டுரு” என்றேன்.

“விளைச்சல் குறையுமேக்கா?”

“குறைஞ்சாக் குறையட்டும். உனக்கு எண்ணு வேணுமா, எடை வேணுமா?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லாட்டா நான் என்ன செய்யதுக்கு?” டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் அப்படியே குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 17

பிரின்சிக்குத் தொண்ணூற்றேழு.

மெஷின் அறையிலிருந்து ஓடி வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். சார் அவளைப் பார்த்துச் சிரித்தார், இந்த வருடத்தில் முதல் முறையாக. “பாத்தியா, சொன்னேன்ல? சீனியர்ட்ட கேட்டுக் கத்துக்கணும்.” மத்தியானமே மூன்றாமவருக்குப் பதில் போய்விட்டது. இன்னொரு கை செய்தது, அதே எண் வந்தது, கீழே பிரின்சியின் கையெழுத்து. ரத்துப் பேச்சையும் சார் விட்டுவிட்டார்.

எல்லோருக்கும் நல்லது. அவளுக்கு இடம் நின்றது, எனக்கு ஆய்வேடு, சாருக்குக் கட்டுரை. உதவி செய்தேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன், அறையில் யாரும் இல்லை.

பிப்ரவரி 18

சாயங்காலம் பிரின்சி ஒரு டப்பா நிறைய மக்ரூன் கொண்டுவந்தாள். அவள் அப்பா பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். “அப்பா உங்களுக்குன்னு தனியா வைக்கச் சொன்னாங்கக்கா.” ஒன்று தின்றேன். மீதியைப் பக்கத்து அறைக்குக் கொடுத்தேன். தித்திப்பு அதிகம்.

பிப்ரவரி 21

கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சாக மூன்று வாரம் ஆகும். அம்மாவுக்குப் போன் செய்தேன். சங்கரன்கோவிலில் அர்ச்சனை செய்யப் போகிறாளாம். வேண்டாம் என்று ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24

இவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. வாலைக் கழிவு கேனில் ஊற்றச் சொன்னேன் அல்லவா? ஊற்றவில்லை. அவள் படித்த கல்லூரியில் ஒரு சொட்டைக்கூடக் கீழே விட மாட்டார்களாம், கை வரவில்லையாம். குழாய்களை அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்திருக்கிறாள். இன்று வாலைத் தனியாக மெஷினில் விட்டுப் பார்த்திருக்கிறாள்.

அறுபத்தைந்து. நூறுக்கு அறுபத்தைந்துதான் வலக்கை. மிச்சமெல்லாம் இடக்கை, அத்தனையும் வாலில் ஒளிந்திருந்தது. தலையையும் வாலையும் எடைப்படி சேர்த்துக் கணக்குப் போட்டால் எண்பத்தேழு.

“ஏக்கா, என் கை சரிதான்! முதல்லருந்தே சரிதான்! வினைல வாறது எண்பத்தேழுதான். சிலிக்காதான் பிரிக்கிது. நாம வாலைக் கொட்டக் கொட்ட எண்ணு ஏறுது.” அவள் கண் மின்னியது. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம், விஷயத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம். எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஆறாவது வடிவம் நின்ற அன்று எனக்கும் இருந்தது.

பிறகு அந்த மின்னல் மெதுவாக இறங்கியது. “அப்ப அந்தப் பேப்பர்ல இருக்கது...” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமாக்கா?”

தெரியாது என்றேன்.

பிப்ரவரி 25

பிரின்சி நேராக சார் அறைக்குப் போய்விட்டாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆய்வுக் குழு முடியட்டும் என்றிருப்பேன், பிறகு கட்டுரை அச்சாகட்டும் என்றிருப்பேன், அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

சாரின் குரல் இந்த முறை கதவைத் தாண்டி வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அரை மணி கழித்து அவள் வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. சார் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “தொண்ணூத்தேழுன்னு கையெழுத்துப் போட்டவ நீ. இன்னைக்கு எண்பத்தேழுங்கிற. எது பொய்?”

அவள் இனி லேபுக்குள் வரக் கூடாது. ஆய்வுக் குழுவில் இனி திறமை போதாது என்று பேச மாட்டார்கள். எண்ணைத் திரித்தாள் என்றே பேசுவார்கள். அதற்குப் பதிவு ரத்து மட்டும் இல்லை, வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது.

திறமை இல்லை என்று அனுப்பியிருந்தால்கூட வேறு இடம் தேடியிருப்பாள். நான் உதவி செய்தேன் அல்லவா, அதனால் இது.

பிப்ரவரி 28

அறிவியல் தினம். பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். சார் என்னைத்தான் விளக்கச் சொன்னார். இடக்கை, வலக்கை, கண்ணாடிப் பிம்பம், என்னமோ பேசினேன். ஒரு பெண் கையைத் தூக்கி, “மிஸ், தப்பான கை கலந்துட்டா நோயாளிக்கு என்ன ஆகும்?” என்று கேட்டாள். பிரித்து எடுத்துவிடுவோம் என்றேன். எவ்வளவு சுளுவாக வருகிறது எனக்கு.

பிரின்சியின் மேசையை யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 2

சார் வராந்தாவில் நிறுத்திப் பேசினார். “நாளன்னிக்கு உன்னக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. வாலை விடுறது நம்ம லேப் வழக்கம், அவ்ளோதான் சொல்லு. வால்ல என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிஜம்தானே?”

அவர் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டீஸ் போர்டைப் பார்த்தார். அவருக்கும் தெரியுமோ என்று முதல் முறையாக நினைத்தேன். இவ்வளவு வருட அனுபவசாலிக்கு அறுபத்திரண்டு சதவீத விளைச்சல் ஒரு கேள்வியைக்கூட எழுப்பவில்லையா? எழுப்பியிருக்காது. எனக்கும் எழுப்பவில்லையே, வேண்டாத கேள்விகள் யாருக்கும் எழுவதில்லை.

சரி சார் என்றேன்.

மார்ச் 4

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த ஒரு நாளாவது.

குழுவில் சார், துறைத் தலைவர், வெளியூரிலிருந்து வந்த டாக்டர் ஹெப்சிபா. கட்டையான நரைத்த முடி, மெல்லிய குரல். பிரின்சி உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே பெஞ்சில். என்னைக் கூப்பிட்டார்கள்.

பிரின்சி பலகை முன்னால் நின்றாள். வரைந்திருந்த படத்தில் முன் குழாய்கள், வால் குழாய்கள், எண்கள். ஒன்றும் தப்பில்லை. என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையாட்டினாள், பயப்படாதீங்க என்பது மாதிரி. அவள் எனக்குத் தைரியம் சொல்கிறாள்!

டாக்டர் ஹெப்சிபா கேட்டார்: “வாலை விடணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு இந்தப் பொண்ணக் கேட்டேன். பதில் சொல்ல மாட்டேங்குது. உங்க லேப்ல எப்பவும் அப்படித்தானா?”

“ஆமா மேடம். வழக்கம்தான்” என்றேன்.

“வால்ல என்ன இருக்குன்னு யாரும் பாத்ததில்ல?”

சார் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். “பாக்கணும்னு தோணல மேடம்” என்றேன்.

அவ்வளவுதான். நன்றி, போகலாம் என்றார்கள். கதவு வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் துறைத் தலைவர் சொல்வது கேட்டது: “அப்ப வழக்கம் வழக்கம்தான். இவதான் எண்ணு ஏறும்னு தெரிஞ்சு குழாயப் பொறுக்கியிருக்கா. மூணு தரம் சேத்துட்டு நாலாவது தரம் ஏன் விட்டா? அது திட்டம்தானே?” பிரின்சியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் பெயரைச் சொன்னால் போதும். இரண்டு சொல். அவள் சொல்லவில்லை.

கதவுக் குமிழ் என் கையில் இருந்தது. அதைத் திருகியிருந்தால் நான் இன்னும் இரண்டு மாதத்தில் டாக்டர் ஆவுடைச்செல்வி.

“நான்தான் சொன்னேன்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “வாலை விடச் சொன்னது நான். டீக்கடைல வச்சு.”

“வழக்கப்படி சொன்னீங்க. அதானே?” சார் அவசரமாக எழுந்தார்.

“இல்ல சார். அதுக்கு முன்னாடியே என் வாலை மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன். அறுபத்தாறு வந்துச்சு. கோப்பை அழிச்சேன், குழாயக் கழுவுனேன். அப்புறம்தான் இவகிட்டச் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாது.”

டாக்டர் ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் ஒரு மாதம் கழித்துப் பசி எடுத்தது.

பிரின்சியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மார்ச் 6

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக சார் எழுதிவிட்டார். என் மேல் விசாரணை வைக்கிறார்கள். அது முடியும் வரை ஆய்வேடு கிடையாது, முடிந்த பிறகும் எனக்கு ஒரு ஆய்வேடு இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. சார் என்னிடம் பேசுவதில்லை. லேப் சாவியை அலுவலக உதவியாளர் மூலம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிரின்சியின் பதிவு தொடரும். எண்பத்தேழை வைத்து, சிலிக்கா ஏன் பிரிக்கிறது என்பதையே தலைப்பாக எடுத்துச் செய்யச் சொல்லி டாக்டர் ஹெப்சிபா குறிப்பு எழுதியிருக்கிறாராம்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9

என் பொருட்களை எடுத்துக்கொள்ளப் போனேன். பிரின்சி இருந்தாள். வேறு யாரும் இல்லை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தேவலை. பெட்டியில் புத்தகங்களை அடுக்க உதவினாள். ஒரு மன்னிப்புக்கு வாயைத் திறந்தேன்.

“இருங்க. ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதுன்னு சொன்னீங்க. நான் நம்பினேன். நீங்களும் என்னய மாதிரி ஏமாந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் அந்த ரூம்ல உங்க பேரைச் சொல்லலை. என் படிப்பு போனாலும் சரி, தெரியாம செஞ்சவங்களை எதுக்கு இழுக்கணும்னு நின்னேன்.”

கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தேன்.

“வால்ல என்ன இருக்குன்னு முதல்ல என்னைக்குப் பாத்தீங்க?”

பிப்ரவரி ஒன்பது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மனசுக்குள் நாட்களை எண்ணினாள். பிறகு திரும்பினாள்.

“அப்ப நான் குடுவை கழுவுற இடத்துல நின்னு அழுதப்ப, என் கையில ஒரு தப்பும் இல்லன்னு தெரிஞ்சுதான் பின்னால நின்னு பாத்தீங்களா?”

ஆமாம் என்றேன்.